சாமி இல்லாதவர்களின் சபை

சேலத்தைத் தமிழக அரசியல் வரலாற்றில் நிலைக்க வைத்த நாள் 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி அன்று இங்கே கூடித்தான் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அரசாங்கம் கொடுத்த ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானம் அண்ணாதுரையின் பெயரோடு நிறைவேறியது. வரலாற்று ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் என் மனம் மறுநாளுக்குப் போய்விடும். 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாநாடு கலைந்து ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் திருச்செங்கோட்டுக்கும் திரும்பியவர்கள் திங்கட்கிழமையிலிருந்து எப்படி வாழ்ந்தார்கள்? ஊரே மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கும்; ஒரு வீடு மட்டும் கொடுக்காது. அந்த வீட்டில் குழந்தை பிறந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? பெண்ணுக்கு வரன் யார் கொண்டு வருவார்கள்? பெரியவர் கண்ணை மூடினால் யார் தோள் கொடுப்பார்கள்?

அப்படித் திரும்பியவர்களில் என் அப்பாவும் ஒருவர். ராசிபுரத்துப் பட்டுத்தறிக்காரர், அப்போது மீசை அரும்பிய வயது. பிற்காலத்தில் என்னிடம் அவர் அடிக்கடி சொன்ன பேச்சு இது: "சாமி வேண்டாம்னு சொல்லிரலாம் கண்ணு. நாலு பேரு வேண்டாம்னு சொல்ல முடியாது."

அந்த நாலு பேரைத் தமிழ்நாட்டு நாத்திகர்கள் எங்கே தேடினார்கள், எப்படிக் கண்டடைந்தார்கள் என்பதே இந்தக் கட்டுரை. தேடல் 1944இல் தொடங்கவில்லை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் தொடங்கிவிட்டது. அதில் ஒரு காலகட்டம் கடவுளை முன்னிறுத்தாத ஒரு மதத்தின் கூரைக்குக் கீழே நடந்தது. அந்தக் காலகட்டத்தைத்தான் நாம் அதிகம் மறந்திருக்கிறோம்.

இதழ் இருந்தது, இல்லம் இல்லை

1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கியது. லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் தொடங்கிய தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் பாதையைப் பின்பற்றியவர்கள் இவர்கள். 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழையும் 'தி திங்க்கர்' என்ற ஆங்கில இதழையும் நடத்தினார்கள். 1882இல் தொடங்கிய தத்துவ விவேசினி 1888 வரை வந்தது. அதே 1882இல்தான் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' அச்சேறியது. சாதி, சடங்கு, புரோகிதம், விதவைகளின் நிலை எல்லாவற்றையும் கேள்வி கேட்ட தலைமுறை அது. பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்து வெளியிட்டிருக்காவிட்டால் நம் காலத்தவர்க்கு அவை கண்ணிலேயே பட்டிருக்காது.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வரும். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு படிப்பு! ஆனால் இதழ் நின்றதும் அந்த வட்டமும் கரைந்து போகிறது. விவாதம் செய்ய இடம் இருந்தவர்களுக்கு, தலைமுறை தாண்டிக் குடும்பத்தோடு சேர்ந்து வாழ ஓர் இடம் அமையவில்லை. மறுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நெடுநாள் நிற்காது என்பதற்கு நம் மண்ணின் முதல் சாட்சியாக அவர்களைச் சொல்வேன்.

ராயப்பேட்டையில் ஒரு சங்கம்

பத்தாண்டு கழித்து, 1898இல், வேறொரு கதவு திறந்தது. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். தீண்டாமையை ஒழிக்க மனுக்கள் எழுதியும் 1891இல் திராவிட மகாஜன சபை அமைத்தும் பார்த்தவர். இந்து மதத்துக்குள் தம் மக்களுக்கு இடமில்லை என்ற முடிவோடு, பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியரான பி. கிருஷ்ணசாமியையும் அழைத்துக்கொண்டு அடையாற்றில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்தார். ஆல்காட் அவர்களை இலங்கைக்கு அழைத்துப் போனார். கொழும்பில் சுமங்கல தேரரின் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர்கள் சென்னை ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இந்தச் சங்கத்தின் வாசலில் இன்னதை நம்புகிறாயா என்ற கேள்வி இல்லை. பஞ்சசீலம் நம்பிக்கைப் பட்டியல் அன்று. கொல்லாமை, கள்ளாமை, பிறழ்ந்த காமம் விடுதல், பொய்யாமை, கள்ளுண்ணாமை என்ற ஐந்து ஒழுக்கங்கள். உலகைப் படைத்த கடவுள் உண்டா, சாகாத ஆன்மா உண்டா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று சொன்னால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனை கிடையாது. சாதியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் கண்டிப்பு.

எனவேதான் பலதரப்பட்டவர்கள் அந்தக் கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். ஒருபுறம் அயோத்திதாசர். தமிழ்ப் பண்டிகைகளுக்கும் ஊர்த் தெய்வங்களுக்கும் பழைய நூல்களுக்கும் பௌத்த விளக்கம் தந்து, தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட மக்களே இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்று நிறுவ முயன்றவர். மறுபுறம் பேராசிரியர் பி. லட்சுமி நரசு. கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். டார்வினையும் ஸ்பென்சரையும் கரைத்துக் குடித்தவர். 1907இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' என்ற நூலில் புத்தர் அற்புதம் செய்கிறவராக வருவதில்லை. காரண காரியத்தை ஆராயச் சொல்லும் ஆசானாக வருகிறார். அந்த நூலைப் பின்னாளில், 1948இல், அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பாக வெளியிட்டார். மூன்றாமவர் ம. சிங்காரவேலர். மகாபோதி சங்கத்தின் கூட்டங்களைச் சென்னையில் முன்னின்று நடத்தியவர். இவர்தான் 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். பிறகு 'குடி அரசு' இதழில் அறிவியல் நாத்திகத்தை வாரந்தோறும் எழுதினார். சைவ இளைஞராக அந்தக் கூட்டங்களை எதிர்க்கப் போன திரு.வி.க., நரசுவின் பேச்சில் ஈர்க்கப்பட்டவர். அதை அவரே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இவர்களுக்குள் கருத்து வேறுபாடு நிறைய இருந்தது. அயோத்திதாசரின் பௌத்தமும் சிங்காரவேலரின் பௌத்தமும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் கருத்து வேறுபாட்டோடு ஒரே நெறியின் பெயரில் சங்கம் நடத்த முடிந்தது. கூட்டம், சொற்பொழிவு, நூலகம், பள்ளிக்கூடம், புத்தர் பிறந்த பௌர்ணமி, திருமணம், சாவு என்று வாழ்க்கையின் எல்லா வேளைக்கும் அங்கே ஒரு முறை வகுக்கப்பட்டது. 1907 ஜூனில் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறி, இந்தச் சபைகளையெல்லாம் இணைக்கும் தபால்காரனாக ஓடியது. கேள்வி அனுப்புகிறவர் ரங்கூனிலிருந்தும் அனுப்புவார், நேட்டாலிலிருந்தும் அனுப்புவார்.

சேலம் ஜில்லாவில் அதன் வேர்

இதெல்லாம் சென்னைக் கதை, சேலத்துக்கு என்ன தொடர்பு என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. தொடர்பு ரயில் பாதையிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து சோலையார்பேட்டை போகிற வழியில் வரும் திருப்பத்தூர், 1911 வரை சேலம் ஜில்லாவின் தாலுகா. சாக்கைய பௌத்தச் சங்கத்தின் வலுவான கிளைகளில் ஒன்று அங்கே இருந்தது. அந்த ஊரின் ஏ.பி. பெரியசாமிப் புலவர் அயோத்திதாசர் வழியில் எழுதியும் பேசியும் வந்தவர். அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூலிக்குப் போன குடும்பங்கள் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைத்த இடம். மாரிக்குப்பத்தில் பௌத்தச் சங்கம் அமைத்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1914இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு, 1926இல் 'தமிழன்' இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் தங்கவயல் ஜி. அப்பாதுரையார். அவர் பௌத்தர், சுயமரியாதை இயக்கத்துக்கும் தோழர். இரண்டையும் ஒரே இதழில் அவர் பேசினார். பௌத்தச் சபையிலிருந்து சுயமரியாதை மேடைக்குப் போன பாதை இதுதான் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் தங்கவயல்.

மண்ணுக்குள்ளும் சாட்சி உண்டு. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. ஊர் மக்கள் பூ வைத்து விளக்கேற்றுகிறார்கள். சேலம் நகரிலேயே, பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. வெட்டுண்ட தலையைச் சிமெண்டு வைத்து ஒட்டிய கற்சிலை. தாமரைப் பீடம், தியானத்தில் மடிந்த கைகள், சுருள் முடி, நீண்ட காது. அது புத்தர்தான் என்று சேலத்தைச் சேர்ந்த புத்தர் அறக்கட்டளை 2011இல் வழக்குத் தொடுத்தது. தொல்லியல் துறையின் ஆய்வும் அதையே சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இடத்தைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்கவும், புத்தர் சிலை என்று பலகை வைக்கவும், பூசை நடத்தாமல் மக்கள் வந்து பார்க்க அனுமதிக்கவும் உத்தரவிட்டது. முனியப்பனாகக் கும்பிட்டு வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தலை போன சிலையைக் கைவிடாமல் காத்தவர்கள் அவர்கள். ஆனால் ஊர்ச் சாமிக்குள் புத்தர் இருக்கிறார் என்று அயோத்திதாசர் எழுதியபோது பலரும் அதைக் கற்பனை என்று ஒதுக்கினார்கள். இந்த ஒரு சிலையைப் பொறுத்தவரை நீதிமன்றமே இன்று அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

உலகம் தேடியதும் இதையே

நம்பிக்கை வாக்குமூலம் கேட்காத சபைக்கான ஏக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வேலைக்காரராக இருந்த தமிழர் ஒருவர், வில்லியம் ராபர்ட்ஸ், அங்கே யூனிட்டேரியன் நூல்களைப் படித்துவிட்டுச் சென்னை திரும்பி 1795இல் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயம் எழுந்தது. ஒரே கடவுளை நம்பியவர்கள்தான்; ஆனால் திருச்சபை வகுத்த திரித்துவக் கோட்பாட்டை ஒப்பிக்க மாட்டோம் என்று சொன்ன ஏழை எளியவர்கள். அதே யூனிட்டேரியன் மரபு அமெரிக்காவில் மெல்ல மெல்ல அகன்று, கடவுளை நம்பாதவரும் வந்து அமரலாம் என்ற நிலைக்கு வந்தது. 1933இல் வெளியான மனிதநேய அறிக்கையில் கையெழுத்திட்ட 34 பேரில் யூனிட்டேரியன் போதகர்கள் பலர். நியூயார்க்கில் பீலிக்ஸ் ஆட்லர் 1876இல் தொடங்கிய அறநெறிச் சங்கம் கடவுள் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு ஞாயிறு கூட்டம், பள்ளி, ஏழைகளுக்கு மருத்துவ உதவி என்று நடந்தது. அங்கெல்லாம் மதத்துக்குள்ளிருந்து சுவர்கள் தளர்ந்தன. இங்கே தீண்டாமையால் வெளியே தள்ளப்பட்ட மக்கள் தாங்களே புதுக் கூரை வேய்ந்தார்கள். அந்த வேறுபாட்டால்தான் ராயப்பேட்டைச் சங்கம் உலக வரலாற்றிலும் தனித்து நிற்கிறது என்பது என் துணிபு.

ஈரோட்டு வழி

பெரியார் இன்னொரு வழியில் வந்தார். 1925 மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கியது. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு, சௌந்தரபாண்டியனார் தலைமையில். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானங்கள் அங்கே வந்தன.

மதம் என்ற கூரையே வேண்டாம் என்பதுதான் பெரியாரின் நிலை. ஆனால் புத்தரை அவர் விடவில்லை. 1953 மே 27, புத்தர் பிறந்தநாளில்தான் பிள்ளையார் உருவத்தை உடைக்கும் கிளர்ச்சிக்கு நாள் குறித்தார். 1954 ஜனவரியில் ஈரோட்டில் புத்தர் கொள்கைப் பிரசார மாநாடு நடத்தினார். இலங்கையிலிருந்து பேராசிரியர் மலலசேகரா வந்து கலந்துகொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் ரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் போய் அம்பேத்கரைச் சந்தித்தார். பௌத்தத்தில் சேரும்படி அம்பேத்கர் அழைத்ததையும், வெளியே போய்விட்டால் இந்து மதத்தை உள்ளிருந்து கண்டிக்கும் உரிமை போய்விடும் என்று தாம் பதில் சொன்னதையும் பெரியாரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1956 அக்டோபரில் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். இருவரும் வேறுவேறு முடிவெடுத்தாலும், தனித்தனி ஆளாக நின்று சாதியை வெல்ல முடியாது, சேர்ந்து நிற்க ஒரு கூட்டம் வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

பெரியார் கட்டிய கூட்டத்துக்குக் கோயிலும் இல்லை, விகாரையும் இல்லை. அதற்குப் பதில் படிப்பகங்கள் எழுந்தன. ஒரு அறை, இரண்டு பெஞ்சு, சுவரில் புத்தர் படமும் பெரியார் படமும், மேசையில் 'விடுதலை' நாளிதழ், அமெரிக்க நாத்திகர் இங்கர்சாலின் மொழிபெயர்ப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உரக்கப் படிப்பார். ராசிபுரத்தில் அப்பா போன படிப்பகம் தறிப்பட்டறை ஒன்றின் முன்னறை. ஞாயிறு சாயங்காலம் பாவு தோய்த்த கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே நடந்தது வெறும் அரசியல் பேச்சு இல்லை. யார் வீட்டில் கூலி பாக்கி, எந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும், யாருக்கு ரத்தம் வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகும்.

சடங்குகளுக்கும் மாற்று வந்தது. குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா. கல்யாணத்துக்கு வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்: ஒருவர் தலைமை தாங்குவார், மணமக்கள் உறுதிமொழி படிப்பார்கள், மாலை மாற்றுவார்கள், வாழ்த்துரை மைக்கில் நெடுநேரம் போகும். என் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குப் பெண்ணுரிமை பற்றிய முதல் பாடம் அந்தக் கல்யாண வாழ்த்துரைகளில்தான் காதில் விழுந்தது. கருமாதிக்குப் பதில் படத்திறப்பு. இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் பேசுவார்கள்.

சட்டம் இந்தக் கூட்டத்தை உடனே ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்படி மணந்தவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகளானார்கள். அந்தக் கறையை நீக்க 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது; 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். புரோகிதர் நின்ற இடத்தில் வந்து கூடியவர்களை நிறுத்திய சட்டம் அது. உறவும் நட்பும் சாட்சி நின்றால் அதுவே போதுமான புனிதம் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டதாக நான் படிக்கிறேன்.

தோள் கொடுத்தவர்கள்

அப்பா இறந்த அன்று பங்காளிகள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெரியப்பா என் அம்மாவிடம் சொன்னார்: "நெய்ப்பந்தம் இல்லாம, கொள்ளிக்குடம் இல்லாம எப்படியம்மா எடுக்கறது? முறைப்படி செய்யறதுன்னா சொல்லு, நாங்க நிக்கறோம். இல்லைன்னா நாங்க கெளம்பறோம்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு அது. அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவின் விருப்பம் எழுத்தில் இருந்தது. அதை மீறவும் அம்மாவுக்கு மனமில்லை, பங்காளிகளை இழக்கவும் துணிவில்லை.

மத்தியானத்துக்குள் நாமக்கல்லிலிருந்தும் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கழகத்துக் கருஞ்சட்டைக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பாதிப் பேரை நான் முன்பின் பார்த்ததில்லை. படிப்பகத்துப் பெரியவர் என்னிடம் வந்து, "அழுவாதம்மா, உங்க அப்பா எங்க வீட்டு ஆளு" என்றார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டு வாசல் தாண்டக் கூடாது. அன்று நானும் என் தங்கையும் பாடை தூக்கினோம். பிடித்த மற்ற கைகள் எந்தச் சாதிக் கைகள் என்று யாரும் கேட்கவில்லை. திண்ணையில் இருந்த பெரியப்பா கடைசியில் எழுந்து பின்னாலேயே வந்தார். வாரம் கழித்து நடந்த படத்திறப்பில் என் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் புருஷனைப் பற்றித் தனக்கே தெரியாத சேதிகளைக் கேட்டாள்.

அம்மா கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவள். ஆடி மாதம் அவளுக்கு ஒரு கூட்டம் இருந்தது: கூழ் காய்ச்ச, மாவிளக்கு எடுக்க, பொங்கல் வைக்க, அழுவதற்கும் சிரிப்பதற்கும் தெருப் பெண்கள் இருந்தார்கள். அப்பாவுக்குப் படிப்பகம் இருந்தது. அப்பாவின் நாத்திகத்தைச் சுவீகரித்த எனக்கு? படிப்பகத்து பெஞ்சு ஆண்களின் பெஞ்சு. மாநாட்டு மேடையில் பெண்கள் முழங்கினார்கள். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் பெரியாருக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தையே தந்தது. ஆனால் மாநாட்டுக்கும் மாநாட்டுக்கும் நடுவே, ஒரு சாதாரண வாரத்தில், சாமி இல்லாத ஒரு பெண் போய் உட்கார ராசிபுரத்தில் இடம் இருக்கவில்லை. இதை இயக்கத்தின் மேல் உள்ள அன்போடுதான் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அந்த அன்புக்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் யாரும் அயோத்திதாசர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் கைக்கு வந்த பிறகுதான், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் படத்திறப்புக்கும் முன்னோடியாகத் தங்கவயல் தொழிலாளிகள் மந்திரமில்லாமல் மணமுடித்ததை அறிந்தேன். சேரியில் பிறந்த சபையை ஊர்த்தெரு மறந்துபோனது தற்செயல் இல்லை. சாதி அப்படித்தான் நினைவையும் பிரித்துவைக்கிறது.

இனி

எங்கள் பகுதியில் சாதி இன்றும் கத்தியோடு நிற்கிறது. 2015இல் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு ஒரு தோழியோடு போன பட்டியல் சாதி இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஊரில் சுயமரியாதைத் திருமணம் பலருக்கு உயிர்காக்கும் வழியாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7அ திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்புத் தேவையில்லை, வழக்கறிஞர் முன்னிலையிலும் நடத்தலாம் என்று சொன்னபோது நான் மகிழ்ந்தேன். அதே வேளையில், தமக்காக வந்து நிற்க நாலு பேரைக்கூடத் தேட முடியாத நிலையில் இரண்டு இளம் உயிர்கள் ஒரு வழக்கறிஞர் அறையில் மாலை மாற்ற வேண்டியிருப்பது நம் தோல்வி. அவர்களுக்குச் சட்டம் கிடைத்திருக்கிறது. சபை கிடைக்கவில்லை.

சடங்கு வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்கள் இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் முன்னைவிட அதிகம் கண்ணில் படுகிறார்கள். படிப்பகங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. கைப்பேசியில் வாதாடத் தெரிந்த பிள்ளைக்கு, காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவர ஆள் இல்லை. இலௌகிக சங்கத்துக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது: வாதம் இருக்கிறது, வீடு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் பூட்டிய படிப்பகம் இருந்தால் சாவியைத் தேடி வாங்குங்கள். ஞாயிறு ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். பெண்களும் குழந்தைகளும் வரக்கூடிய வேளையாகப் பாருங்கள். சுவரில் பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் பக்கத்தில் அயோத்திதாசரையும் லட்சுமி நரசுவையும் மாட்டுங்கள். வருகிறவர் சாமி கும்பிடுகிறவரா இல்லையா என்று கேட்காதீர்கள். சாதியை மட்டும் வெளியே விட்டுவரச் சொல்லுங்கள். வீட்டை எதிர்த்து மணக்கும் பிள்ளைகளுக்கு அங்கே மாலை எடுத்துக் கொடுங்கள். யார் வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டாலும் அழைப்புக்குக் காத்திராமல் போய் நில்லுங்கள். நம் முன்னோர் 1898இலேயே தொடங்கிவைத்த வேலை இது. தொடர்வது நம் கடமை.